பொது இடத்து நாற்காலி

அன்பு மகளுக்கு,

பூட்டிக் கிடந்த ஊர்ப் படிப்பகத்தை நீயும் உன் தோழர்களும் திறந்து, ஒட்டடை அடித்து, சுண்ணாம்பும் பூசிவிட்டீர்கள் என்று உன் அம்மா சொன்னாள். நீ அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். கை உடைந்த தேக்கு நாற்காலிகள், பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகள், இடித்த வீட்டிலிருந்து வந்த இரண்டு கதவுகள், துருப்பிடித்த இரும்பு பீரோ, பளபளவென்று ஒரு சிம்மாசன நாற்காலி. காசு செலவழிக்காமல் இவ்வளவு சேர்த்துவிட்டோம் என்று எழுதியிருந்தாய். அந்தச் சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது. நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் புத்தகத்துக்கு மனுப் போட்டதைவிட நாற்காலிக்கு மனுப் போட்டதுதான் அதிகம்.

எதை முதலில் பழுது பார்ப்பது என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால், அதில் யார் உட்காரப் போகிறார்கள் என்று யோசி. வீட்டு நாற்காலி என்றால் நாலைந்து பேருக்குப் பொருந்தினால் போதும். உங்கள் படிப்பகத்துக்கு முழங்கால் வலியோடு ஒரு பாட்டி வருவார். மூன்றாம் வகுப்புப் பையன் வருவான். வயலில் இருந்து நேரே வருகிறவர் வருவார். நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டே பேப்பர் படித்துவிட்டுப் போகிறவர்களும் வருவார்கள். அவர்களை நினைத்துத்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன்.

நம் ஊர்களில் யார் பெஞ்சில் உட்காரலாம், யார் குத்தவைக்க வேண்டும் என்பது எங்கும் எழுதி வைக்காமலே நடந்து வந்த சட்டம். அது பழங்கதை என்று நினைத்துவிடாதே. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தேர்தலில் வென்ற பட்டியல் சாதிப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் நாடெங்கும் பரவி, வழக்குப் பதிவாகும் வரை போனது. பதவி கிடைத்தும் நாற்காலி கிடைக்கவில்லை. அதனால் உங்கள் கூடத்தில் எந்த நாற்காலியும் இன்னாருக்கு என்று ஒதுக்கப்படக் கூடாது. பல வீடுகளிலிருந்து பல மாதிரி வந்திருப்பது ஒரு விதத்தில் நல்லது. ஆனால் நல்லதையெல்லாம் முன் வரிசையிலும் ஆடுவதையெல்லாம் கடைசி வரிசையிலும் போட்டுவிட்டால் பழைய சட்டம் தானாகவே திரும்பி வந்துவிடும். கலந்து போடுங்கள். கைப்பிடி உள்ளவற்றை வாசலுக்குப் பக்கத்தில் போடுங்கள், வயதானவர்கள் ஊன்றி எழ அதுதான் வசதி.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பாய். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனவர். 1931-இல் அவர் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதல் விதி, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அந்த விதியை விளக்கும்போது அவர் மேசை, அலமாரி வரைக்கும் இறங்கி வந்து பேசுகிறார். தரையில் நிற்கிற ஒருவருடைய கைக்கு எட்டாத உயரத்தில் தட்டு இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. எட்டாத தட்டில் இருக்கும் புத்தகம் பூட்டி வைத்த புத்தகம்தானே. அதே 1931-இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது. வாசகரை நோக்கிப் புத்தகம் நகர வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதில்லை. ஆகவே உன் படத்தில் தெரியும் உயரமான மர அலமாரியை இரண்டாக அறுத்து இரண்டு குட்டை அலமாரியாக்க முடியுமா என்று தச்சரிடம் கேள். ஒன்று பிள்ளைகளுக்கு ஆகும்.

இனி மரத்துக்கு வருவோம். சாமான்களைக் கூடத்துக்குள் கொண்டுவரும் முன் ஒரு நாள் முற்றத்தில் வை. காலுக்குக் கீழே பழைய பேப்பரை விரி. மறுநாள் அதில் மாவு போலத் தூள் விழுந்திருந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கலாம். ஓட்டை மட்டும் இருந்து தூள் விழவில்லை என்றால் பூச்சி போயிருக்கலாம். கோணியூசியால் குத்திப் பார். தேக்கில் முனை நிற்கும், உளுத்த மரத்தில் இறங்கிவிடும். மண் கோடு கண்டால் அது கரையான். கரையான் மரத்தோடு நிற்காது, புத்தகத்துக்கும் போகும். பூச்சி உள்ளதை மருந்து அடித்து முடிக்கும் வரை கூடத்துக்குள் விடாதே. பாதிக்கு மேல் உளுத்துப்போனதை, தந்தவர் மனம் நோகும் என்று வைத்துக்கொள்ளவும் வேண்டாம். வாங்குவதைவிட மறுப்பதுதான் இந்த வேலையில் கடினம்.

ஆடுகிற நாற்காலியைக் கண்டால் எல்லாருக்கும் கை ஆணிக்குத்தான் போகும். ஆணி அடிக்காதே! பழைய நாற்காலி ஆணியால் நிற்பதில்லை. ஒரு கட்டையின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, மறு கட்டையின் துளையில் இறக்கி, வச்சிரப் பசை வைத்துச் செய்தது. ஆண்டுகள் போகப் பசை காய்ந்து உதிர்ந்ததால்தான் ஆடுகிறது. ஆணி அடித்தால் கழுந்து பிளந்துவிடும், அதற்குப் பிறகு அதை மீட்பது தச்சருக்கே கடினம். மெதுவாகத் தட்டிக் கழற்று. எந்தக் கால் எந்த மூலைக்கு என்று சாக்பீஸால் குறித்துக்கொள். பழைய பசையை மரம் தெரியும் வரை சுரண்டு. அதன் மேலேயே ஃபெவிகால் தடவினால் பிடிக்காது. கழுந்து தளர்ந்திருந்தால் மெல்லிய மரச் சீவலை ஒட்டித் தடிப்பாக்கு. பசை வைத்துச் சேர்த்த பிறகு, கால்களைச் சுற்றி இரண்டு சுற்றுக் கயிறு கட்டி, நடுவில் குச்சி விட்டு முறுக்கி, ஒரு முழு நாள் தொடாமல் விடு. கிளாம்ப் இல்லாத குறை அதிலேயே தீரும். பிறகும் ஆடினால் காலை அறுக்கப் போகாதே, இடம் மாற்றிப் போட்டுப் பார். பழைய கூடங்களில் பல நேரம் கோணல் தரையில்தான் இருக்கும்.

பிரம்பு அறுந்த நாற்காலிகளில் பலகை அடித்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். நம் வெக்கைக்குப் பிரம்பு இருக்கையின் காற்றோட்டம் போல் வராது. அரசு அலுவலக நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னும் வேலையைப் பார்வையற்ற பலர் கற்று நெடுங்காலம் செய்து வந்திருக்கிறார்கள். அப்படி ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தால் கூலி கொடுத்துக் கூப்பிடு. இல்லையென்றால் வயர் கூடை பின்னும் அக்காமார்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அந்தப் பின்னல் நாற்காலிக்கும் ஆகும்.

பெயின்ட் அடித்த பெஞ்சுகளைத் தேய்க்கும்போது கவனம். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் நிறைய இருக்கலாம். அந்தத் தூள் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். காய்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். நீர் படுகிற உப்புத்தாளை வாங்கி, நனைத்துத் தேய்த்து, வழியும் குழம்பைத் துணியால் துடைத்துக் கட்டிப் போடுங்கள். சாதாரணத் துணிக்கு அடங்காத தூள் அது, நல்ல மாஸ்க் வேண்டும். உதவிக்கு வரும் சிறுவர்களை அன்றைக்கு வேறு வேலைக்கு அனுப்பு.

புத்தகத் தட்டு ஒரு மீட்டர் நீளம் என்றால் அதன் மேல் 20 கிலோவுக்குக் குறையாமல் பாரம் ஏறும். நடுவில் முட்டு இல்லாத பலகை நாளடைவில் தொய்ந்துவிடும். அலமாரிகளைச் சுவரோடு கட்டாயம் பிணைக்க வேண்டும். ஏறி விளையாடும் பிள்ளை மீது சாய்ந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்துப் பெஞ்சு பற்றி ஒரு வார்த்தை. அது அரசுச் சொத்து, இருப்புப் பதிவேட்டில் இருக்கும். முறைப்படி கழிவு செய்த பிறகே வெளியே வர வேண்டும். நல்ல மனசோடு வாயால் கொடுத்தவருக்கே நாளைக்கு அது வம்பாகும். எழுத்தில் வாங்கி வை.

கதவுகளைப் பார்த்தபோது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு நினைவுக்கு வந்தது. இடித்த செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும் அங்கே கடை கடையாக அடுக்கியிருக்கும். உங்கள் கதவுகளில் ஒன்று நல்ல செதுக்கு வேலை. அதை மேசையாக்கினால் எழுதுகிற தாள் பள்ளத்தில் விழும், செதுக்கலும் கெடும். தந்தவர் சம்மதித்தால் அதை விற்று, அந்தப் பணத்தில் தச்சர் கூலியைக் கொடுத்துவிடலாம். தச்சர் கூலி என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்களுக்கு இது விடுமுறை நாள் தொண்டு, அவருக்கு அது அன்றைய சோறு. இலவசமாக வரச் சொல்லாதே. அவரிடம் கற்றுக்கொள்ள நாலு பேர் கூட நில்லுங்கள், அதில் பெண்பிள்ளைகளும் இருக்கட்டும். பெண்கள் டீ போட, பையன்கள் இழைப்புளி பிடிக்க என்று பிரிந்துவிட்டதாக உன் படங்களைப் பார்த்தால் தெரிகிறது. அடுத்த வாரமே அதை மாற்று.

நாற்காலிகளின் முதுகில் உபயம் என்று பெயர் எழுதலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். தந்தவர் பெயர்களை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, கேட்பவர்க்குக் காட்டு. முதுகில் பெயர் ஏறிவிட்டால், தயங்கி வருகிறவர் அதை வாசித்துவிட்டு நின்றபடியே பேப்பர் பார்ப்பார்.

அந்தச் சிம்மாசன நாற்காலிக்கும் என் பதில் அதுதான். விழாவுக்கு வரும் பெரிய மனிதர் மட்டும் உட்காருவதற்கு என்று சொல்லித்தான் அதைத் தந்தவர் கொடுத்தார் என்கிறாய். அந்த நிபந்தனையை அவர் விட்டுவிட்டால் சன்னல் ஓரம் போடு. அந்த அகலத்தில் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து படம் பார்க்கலாம். விடமாட்டேன் என்றால் நன்றி சொல்லி, துடைத்து, அவர் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். சொல்ல உனக்குத் தயக்கமாக இருந்தால் நான் போனில் பேசுகிறேன். அவரை எனக்குத் தெரியும்.

செதுக்கு வேலை இல்லாத மற்றக் கதவு மேசைக்கு நன்றாக ஆகும். அதன் நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்து அனுப்பு. சேர்ந்த நாற்காலிகளில் இருக்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்றும் எழுது. பெரும்பாலும் 45 சென்டிமீட்டர் பக்கம் இருக்கும். மேசை அதைவிட 30 சென்டிமீட்டர் உயர்ந்தால் போதும். கால் போடும் விதத்தை வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா