அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளை குண்டாக இருந்தால், உடல்வாகே அப்படியா?

நம்பிக்கை: டவுன் சிண்ட்ரோம் இருந்தால் குண்டாகத்தான் இருப்பார்கள்.

உண்மை: எடை கூடும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம்தான். தசைகள் தளர்வாக இருக்கும். சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் கலோரியும் குறைவு. ஆனால் இதைச் சொல்லியே தைராய்டைக் கோட்டை விடுகிறோம். இவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவது சகஜம். சோர்வு, மலச்சிக்கல், தோல் வறட்சி எல்லாம் "அவன் எப்பவுமே மந்தம்தான்" என்ற பேச்சில் அமுங்கிப் போகும். ஆண்டுக்கு ஒருமுறை டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். இரவில் பலத்த குறட்டையும் பகலில் தூக்கமும் இருந்தால், மூச்சுத் தடைபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: எல்லாம் தின்பதால் வருவது. வாயைக் கட்டினால் போதும்.

உண்மை: முதலில் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். கடும் ஆத்திரத்தைத் தணிக்கத் தரும் ரிஸ்பெரிடோன், ஓலான்சபின், வலிப்புக்கான வால்ப்ரோயேட் ஆகியவை எடையை ஏற்றக்கூடியவை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு மருந்தைச் சட்டென்று விட்டால் ஆபத்து. மருந்து தொடங்கும் நாளிலேயே எடையைக் குறித்து வையுங்கள். மளமளவென்று ஏறினால் அந்தக் குறிப்போடு போய் மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். கேட்டால்தான் பல மருத்துவர்கள் இதைப் பேசுகிறார்கள்.

பிராடர்-வில்லி சிண்ட்ரோம் வேறு கதை. 1956-இல் விவரிக்கப்பட்ட இந்த நிலைக்குக் காரணம் 15-ஆவது குரோமோசோமில் உள்ள கோளாறு. கைக்குழந்தையாக இருக்கும்போது பால் குடிக்கவே தெம்பிருக்காது. சில ஆண்டுகளில் அடங்காத பசி வந்துவிடும். வயிறு நிறைந்ததை மூளை உணர்வதே இல்லை. அந்த வீட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டிருந்தால் அது கொடுமையல்ல, சிகிச்சையில் ஒரு பகுதி. அக்கம்பக்கத்தார் தயவுசெய்து நியாயம் பேசப் போக வேண்டாம்.

நம்பிக்கை: பாவம், அவனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் சாப்பாடு.

உண்மை: ஒரே சந்தோஷமாக ஆக்கியது நாம்தான். ஓர் எழுத்து எழுதினால் ஒரு சிப்ஸ், ஊசிக்கு அழாவிட்டால் சாக்லேட், பார்க்க வரும் அத்தை கையில் முறுக்குப் பொட்டலம். அத்தைமார்களே, அடுத்த முறை வெறுங்கையோடு வாருங்கள். அவன் கையைப் பிடித்துப் பூங்கா வரை நடத்திக் கூட்டிப் போங்கள்.