வீடா, மருத்துவமனையா? சென்னைக் காசநோய் ஆய்வும் ஒரு நெசவாளர் குடும்பமும்

மூன்றாமாண்டு இளம் அறிவியல் மாணவர், புள்ளியியல் துறை

காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக் கடற்கரைக்கு இரயிலில் செல்லும் நம் மாணவ நண்பர்கள், தாம்பரத்தை அடுத்து வரும் நிலையத்தின் பெயர்ப் பலகையைப் பலமுறை பார்த்திருப்பார்கள். 'தாம்பரம் சானடோரியம்' என்பது அதன் பெயர். சானடோரியம் என்பதும் ஓர் ஊர் என்றே நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து என்பவர் அங்கே காசநோயாளிகளுக்கென ஒரு விடுதி மருத்துவமனையைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. நிலையத்தின் பெயர் அதனால் வந்தது.

அந்தப் பெயர் எங்கள் வீட்டில் வேறொரு வகையில் வழங்கி வந்தது. என் பாட்டனாரின் தமையனாருக்கு, அதாவது என் பெரிய தாத்தாவுக்கு, காசநோய் கண்டபோது 'சானடோரியத்துக்குப் போக வேண்டும்' என்று ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தாராம். கட்டில் காலியில்லை என்று மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்களாம். பின்பு இடம் இருப்பதாகச் செய்தி வந்தபோது அவர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று என் ஆயாவைக் கேட்டேன். "தறியில பாவு இருந்ததுப்பா. முதலாளி குடுத்த பட்டு, முதலாளி குடுத்த ஜரிகை. பாதிச் சேலையில எழுந்து போனா யாரு ஒத்துக்குவாங்க?" என்றார்.

பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குழித்தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கோர்வைச் சேலை நெய்ய இரண்டு ஆள் வேண்டும். நெய்பவர் ஓராண்டு வெளியூர்க் கட்டிலில் படுத்தால் அவர் கூலி மட்டுமன்று, உடன் கரை போடுபவர் கூலியும் நின்றுவிடும். ஆகவே வீட்டில் இருந்தபடி குணமாக முடியுமா என்னும் வினா எங்கள் தெருவில் சோற்றைப் பற்றிய வினா. அதற்கு விடை காணும் ஆய்வு, பெரிய தாத்தா நோயுறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, இங்கிருந்து ஐம்பது மைல் தொலைவில் நடந்து முடிந்திருந்தது. உலக மருத்துவ வரலாற்றில் இடம் பெற்ற அந்த ஆய்வை நம் பாடநூல்கள் ஒரு வரியில் கூடக் குறிப்பிடாதது வியப்பே.

மருந்து இல்லாத காலத்தில் சானடோரியத்தின் மூலதனம் மூன்று: தூய காற்று, முழு ஓய்வு, நல்ல உணவு. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது; தொடர்ந்து 'பாஸ்' என்னும் மருந்தும், 1952-இல் ஐசோனயாசிடும் வந்தன. இவற்றுள் பின்னவை இரண்டும் வாய்வழி உட்கொள்ளத்தக்கவை, ஊசி தேவையில்லை. மருந்தே கிருமியைக் கொல்லுமாயின் காற்றும் கட்டிலும் எதற்கு என்ற ஐயம் அப்போது எழுந்தது. மேலைநாடுகளில் கட்டில்கள் போதிய அளவு இருந்தமையால் அங்கே இது ஏட்டளவில் நின்ற ஐயம். இந்தியாவிலோ நோயாளிகளுக்கும் கட்டில்களுக்கும் மலைக்கும் மடுவுக்குமான இடைவெளி.

1956-ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி இதனை நடத்தின. முதல் தலைவராக வந்தவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். (சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயருடன் இயங்குவது இதுவே.) சென்னையின் ஏழை மக்களிடையே நோய் உறுதி செய்யப்பட்ட 193 பேரை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். இவர்களுள் ஒரு பகுதியினர் சானடோரியத்தில் ஓராண்டு தங்கினர். மற்றவர் தம் நெரிசலான வீடுகளிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஒரே மருந்து: ஐசோனயாசிடும் பாஸும், நாள்தோறும், பன்னிரண்டு மாதம்.

யாரை எங்கே அனுப்புவது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரக்கமுள்ள மருத்துவர் மிகவும் மெலிந்தவரைப் பார்த்து "இவர் பாவம், கட்டிலில் இருக்கட்டும்" என்பார். அப்போது சானடோரியத்தில் கடும் நோயாளிகள் சேர்வார்கள். அங்கே இறப்பு மிகும். குற்றம் சானடோரியத்தின் தலையில் விழும். இதனைத் தவிர்க்கும் வழி குலுக்கல் முறை ஒன்றே. 1948-இல் வெளிவந்த பிரிட்டன் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில், புள்ளியியல் அறிஞர் பிராட்ஃபோர்டு ஹில் வாய்ப்பெண்களைக் கொண்டு வரிசை வகுத்து, முத்திரையிட்ட உறைகளில் இட்டுக் கொடுத்தார். உறையைப் பிரிக்கும் வரை எவருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாது. அவ்வழியே வந்ததுதான் சென்னை ஆய்வும். நம் துறையில் வாய்ப்பெண் அட்டவணையைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் நண்பர்கள், அந்த எண்களை நம்பி மனிதர்கள் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் பிரிந்து போனதை நினைத்துப் பார்க்கலாம்.

முடிவு 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயிற்று. தொடக்கத்தில் கிருமிகள் இம்மருந்துகளுக்குக் கட்டுப்பட்டிருந்தவர்களை மட்டும் கணக்கில் கொண்டால், வீட்டில் 82 பேர், சானடோரியத்தில் 81 பேர். ஓராண்டின் இறுதியில் கிருமி வளர்ப்புச் சோதனைப்படி நோய் அடங்கியவர்கள் வீட்டில் நூற்றுக்கு 86, சானடோரியத்தில் நூற்றுக்கு 92.

'ஆறு விழுக்காடு குறைகிறதே, ஏழைக்கு ஏற்ற எள்ளுருண்டை என்று இரண்டாந்தர வைத்தியத்தைத் தலையில் கட்டிவிட்டார்களோ' என்றே முதலில் எனக்கும் தோன்றியது. ஆகவே நானே கணக்கிட்டுப் பார்த்தேன். இரு விகிதங்களின் வேறுபாட்டுக்குத் திட்டப்பிழை ஏறத்தாழ 4.9 விழுக்காடு வருகிறது. வேறுபாடு 6, அதாவது திட்டப்பிழையைப் போல் 1.2 மடங்குதான். இரண்டு மடங்கையேனும் எட்டினால்தான் தற்செயலன்று என்று துணிவது வழக்கம். எனவே இவ்வேறுபாடு குலுக்கலின் விளையாட்டாக இருக்கலாம். ஆனால் 'இருக்கலாம்' என்பதோடு நிற்க வேண்டும். இதே கணக்கின்படி சானடோரியம் உண்மையில் பதினைந்து விழுக்காடு வரை மேலாக இருந்திருக்கவும் இடமுண்டு. எண்பது பேரைக் கொண்ட குழுக்கள் இதற்குமேல் பேசமாட்டா. இதனை உணர்ந்தே அவர்கள் நோயாளிகளை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தார்கள் போலும். 1966-இல் வெளியான அந்த ஐந்தாண்டுக் கணக்கில் இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இன்னொரு அச்சமும் இருந்தது. இருமும் தந்தையை வீட்டில் வைத்தால் குழந்தைகள் கதி என்ன? குடும்பத்தாரையும் ஐந்தாண்டு சோதித்துப் பார்த்ததில், வீட்டிலிருந்து மருந்துண்டவர்களின் குடும்பங்களில் நோய் மிகுந்து காணப்படவில்லை. நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே தொற்ற வேண்டியது பெரும்பாலும் தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் பரவும் ஆற்றல் விரைவில் குன்றுகிறது. எங்கள் வீட்டில் பெரிய தாத்தாவுக்குத் தனித் தட்டு, தனிச் செம்பு, திண்ணையோரம் தனிப்பாய். ஆயா அவருக்குச் சோற்றை எட்ட இருந்து தள்ளுவாராம். இதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படியோ ஆகிவிடுகிறது.

அப்படியானால் வீட்டிலேயே இருந்த பெரிய தாத்தா ஏன் பிழைக்கவில்லை? அவருக்கும் மருந்து கிடைத்தது. மூன்று மாதத்தில் இருமல் நின்றது. உடம்பில் சற்றுத் தெம்பு வந்தது. மருந்தை நிறுத்திவிட்டுத் தறியில் இறங்கிவிட்டார். மறு ஆண்டு நோய் திரும்பியது. இது அவர் ஒருவர் செய்த தவறு அன்று என்பதைச் சென்னை ஆய்வைப் படித்த பின்பே அறிந்தேன். பாஸ் மருந்தை நாளொன்றுக்குப் பத்து கிராம் அளவில் விழுங்க வேண்டும். குமட்டும், வயிற்றைப் புரட்டும். நோயாளிகள் விழுங்கினார்களா என்றறிய மையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரில் மருந்து கலந்துள்ளதா என்று சோதித்தார்கள். மருந்து உண்ணாமலே உண்டதாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். வீட்டு மருத்துவத்தின் வலுவற்ற இடம் இதுதான் என்று டாக்டர் ஃபாக்ஸ் 1958-லேயே எழுதினார். அதிலிருந்து பிறந்ததே, வாரம் இருமுறை ஊழியரின் கண்முன் மருந்து கொடுக்கும் முறை. 1964-இல் அதன் முடிவுகளையும் சென்னை மையமே வெளியிட்டது. பின்னாளில் உலகெங்கும் 'டாட்ஸ்' என்று வழங்கிய நேரடிக் கண்காணிப்பு முறைக்கு வித்து இங்கே இடப்பட்டது எனலாம். 'வீடே போதும்' என்று கூறுவோர், அந்த வீட்டுக்கு யாராவது நடந்து சென்றார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

உணவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாக உண்டார்கள், எடையும் கூடினார்கள். வீட்டில் இருந்தவர்களின் உணவு எளியது. ஆயினும் கிருமி ஒழிந்ததில் பெரிய வேறுபாடு இல்லை. இதைக் கொண்டு 'காசநோய்க்கு உணவு முக்கியமன்று' என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. ஆய்வு அதைச் சொல்லவில்லை. மருந்தைத் தவறாமல் உண்டவருக்கு, உணவுக் குறை குணத்தைத் தடுக்கவில்லை என்றே அது சொல்லிற்று. நோய் வராமல் தடுக்க உணவு உதவுமா என்பது வேறு வினா. அதனை ஜார்க்கண்டு மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நடந்த ஓர் ஆய்வு எடுத்துக்கொண்டது. 2,800 நோயாளிகளின் குடும்பத்தார் 10,345 பேரைப் பிரித்து, ஒரு சாராருக்கு அரிசி, பருப்பு, வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். அவர்களிடையே புதிதாகக் காசநோய் கண்டது 39 விழுக்காடு குறைந்தது. மருந்தால் அன்று, பருப்பால்!

இன்று ஆறு மாத மருந்தில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே குணமடைகிறார்கள். எனினும் இறப்பவர்கள் இருக்கிறார்கள். நோய் கண்டறிந்த முதல் சில வாரங்களிலேயே பலர் இறக்கிறார்கள். 'எல்லோருக்கும் வீடு' என்பதும் 'எல்லோருக்கும் கட்டில்' என்பது போலவே ஒரு பிழை என்று இதிலிருந்து தெரிகிறது. 2022-இல் தமிழ்நாடு அரசு 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்ற ஒன்றைத் தொடங்கியது. நோய் கண்டவுடன் சுகாதார ஊழியர் சிலவற்றைப் பார்க்கிறார்: உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு எத்தனை வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிறர் துணையின்றி நிற்க முடிகிறதா. பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. இவற்றில் தேறாதவரைக் கையோடு மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். மற்றவர் வீட்டிலிருந்து மருந்துண்கிறார்கள்.

இந்தக் கட்டுரைக்காகக் குறித்து வைத்திருந்த அந்தக் கேள்விகளை ஒரு மாலை ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிக் கேள்வி வந்ததும் நிறுத்தச் சொன்னார். "சுவத்தப் புடிச்சிக்கிட்டுதாம்பா எழுந்திருப்பாரு, உங்க பெரிய தாத்தா. தறிக்குழியில எறங்கறதுக்கு உங்க தாத்தாதான் கையக் குடுப்பாரு" என்றார்.