எண் மாறவில்லையே என்று ஏங்கலாமா?

லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த டெபியனைக் கணினியில் வைத்திருக்கும் சகோதரர் சிலர், "மென்பொருளின் பதிப்பு எண் ஆண்டுக்கணக்காக மாறவில்லையே, இது பத்திரந்தானா?" என ஐயுறுகின்றனர். நியாயமான ஐயமே. ஆயினும் எண்ணை மட்டும் பார்த்து நாம் முடிவு கட்டலாகாது.

2014 ஏப்ரலில், வலைத்தொடர்பை மறைமொழியாக்கிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் ‘ஹார்ட்பிளீட்’ எனும் ஓட்டை வெளிப்பட்டது. கணினியின் நினைவகத்திலுள்ள கடவுச்சொற்களையும் அந்நியர் உறிஞ்சக்கூடிய பொல்லாத ஓட்டை அது! ஆக்கியோர் 1.0.1ஜி என்ற புதிய பதிப்பில் அதை அடைத்தனர். டெபியன் 7-ஐப் பேணியோரோ, பிற மென்பொருள்கள் குலையாதிருக்கப் பழைய 1.0.1ஈ பதிப்பையே வைத்துக்கொண்டு, அத்திருத்தத்தை மட்டும் அதனுள் தைத்துத் தந்தனர். தலை எண் அப்படியே நின்றது. வால் மட்டும் ‘டெப்7யு5’ என மாறிற்று. நாம் பார்க்க வேண்டியது வாலைத்தான். (பயர்பாக்ஸ் இதற்கு விலக்கு. அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்பையே அவ்வப்போது மாற்றித் தருகின்றனர்.)

‘ஏபிடி அப்டேட்’ என்று கட்டளையிட்டுவிட்டு நிம்மதியாக உறங்குவோரும் உளர். அது பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும். மென்பொருளைப் புதுப்பிப்பது ‘ஏபிடி அப்கிரேட்’. அதன் பின்னும், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் பழையதையே பற்றியிருக்கும். ஹார்ட்பிளீட் திருத்தத்திற்குப் பின், மறுபடி தொடங்க வேண்டிய சேவைகளை நினைவூட்டவே டெபியன் மற்றொரு வெளியீடு தர நேர்ந்தது. நமக்கோ கணினியை ஒருமுறை நிறுத்தித் தொடங்குவதே எளிது.

இத்தனையும் ஆதரவுக் காலம் உள்ளவரைதான். உபுண்டு 20.04-இன் பொது ஆதரவு 2025 மே மாதத்துடன் முடிந்தது. அதன்பின் "புதுப்பிக்க ஏதுமில்லை" என்று திரை சொன்னால் மகிழ்வதற்கில்லை. தைப்பவரே எழுந்து போய்விட்டார் என்பதே அதன் பொருள்.