போயர் யுத்தமும் தியத்தலாவைக் கைதிகளும்

ஒல்லாந்தர் ஆண்ட இலங்கைக் கரையோர நாடுகள் ஆங்கிலேயர் கைப்பட்ட வரலாற்றை நம் கல்லூரி மாணாக்கர் யாவரும் கற்றிருப்பர். யாழ்ப்பாணக் கோட்டை வீழ்ந்த அதே 1795 ஆம் ஆண்டிலே, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்குரிய மற்றொரு துறையாகிய தென்னாபிரிக்க நன்னம்பிக்கை முனையும் ஆங்கிலேயர் வசமாயிற்று. இரண்டிற்கும் காரணம் ஒன்றே. பிரான்சியப் புரட்சிப் படைகள் ஒல்லாந்து தேசத்துட் புகுந்தமையால், அந்நாட்டின் கடல்கடந்த துறைகள் பிரான்சியர் கைக்குப் போய்விடலாகாதென ஆங்கிலேயர் முந்திக்கொண்டனர். நன்னம்பிக்கை முனை 1803 இல் ஒல்லாந்தரிடம் மீளக் கொடுக்கப்பட்டு, 1806 இல் மறுபடியும் கைப்பற்றப்பட்டது.

ஆயினும் ஒரு வேற்றுமையுண்டு. இலங்கையில் எஞ்சிய ஒல்லாந்தர் சிறு தொகையினராய் உத்தியோகத்திலும் வழக்கறிஞர் தொழிலிலும் அமைந்தனர். நன்னம்பிக்கை முனையிலோ, 1652 ஆம் ஆண்டு முதலாகக் குடியேறிய ஒல்லாந்தர் நிலத்தை உழுது, மந்தை மேய்த்து, தனியொரு சாதியாராய்ப் பெருகியிருந்தனர். 'போயர்' என்னுஞ் சொல்லுக்கு அவர்தம் மொழியிற் கமக்காரன் என்பதே பொருள். வேதாகமமும் துப்பாக்கியும் அவர்க்கு இரு கண்கள். கறுப்பு மக்களை அடிமைகளாகவும் பணியாட்களாகவும் வைத்திருத்தல் கடவுள் வகுத்த முறையென அவர் நம்பினர். 1834 இல் ஆங்கில அரசாங்கம் அடிமைமுறையை ஒழித்தபோது அவர்கள் கொண்ட மனக்கசப்பு, அடுத்த சில ஆண்டுகளில் பல்லாயிரவர் மாட்டு வண்டிகளிலேறி வடதிசை நோக்கிப் பெயர்ந்தமைக்கு ஒரு முக்கிய காரணமாகும். சுதந்திரத்தை நாடிச் சென்றனர் என்று அவர்களைப் புகழ்வோர், பிறர் சுதந்திரத்தைப் பொறாமையாற் சென்றனர் என்பதையும் உடன்சேர்த்துச் சொல்லுதல் நீதியாகும்.

இவ்வாறு தோன்றிய இரு குடியரசுகள் திரான்சுவாலும் ஒறேஞ்சு சுதந்திர நாடுமாம். 1852 இலும் 1854 இலும் ஆங்கிலேயர் இவற்றை ஏற்றுக்கொண்டனர். பின்னர், 1877 இல் திரான்சுவாலைத் தம்மோடு இணைத்தனர். போயர் 1880 இறுதியில் ஆயுதம் ஏந்தினர். 1881 பெப்ரவரி 27 ஆம் நாள் மயூபா மலையில் ஆங்கிலத் தளபதி கொலியைக் கொன்று, அவர் படையையும் முறியடித்தனர். ஆங்கிலேயர் உள்நாட்டாட்சியைத் திருப்பிக் கொடுத்தனர்.

அத்துடன் பகை முடிந்திருக்கலாம். 1886 இல் விற்வாற்றர்சிறாந்துப் பகுதியிற் பொன் கண்டுபிடிக்கப்பட்டமையே முடியாமற் செய்தது. மேய்ச்சல் வெளியாய்க் கிடந்த இடத்தில் யோகன்னசுபேர்க்கு என்னும் நகரம் எழுந்தது. வந்து குவிந்த அந்நியருக்கு வாக்குரிமை வழங்கினால் நாடு கைமாறிப்போம் என அஞ்சிய சனாதிபதி குறூகர், பதினான்கு ஆண்டு வதிந்தோர்க்கே முழு உரிமை என விதித்தார். 1895 ஆம் ஆண்டின் இறுதி நாட்களில், செசில் றோட்சின் உடந்தையுடன் யேம்சன் என்பவர் சிறு படையொன்றுடன் திரான்சுவாலுட் புகுந்து, சில நாட்களுக்குள் பிடிபட்டார். றோட்சு தம் முதலமைச்சர் பதவியை இழந்தார். அதன்பின் இருபக்கத்தார்க்கும் நம்பிக்கை எங்கிருந்து வரும்? 1899 இல் புளூம்பொன்ரீனில் ஆங்கில ஆணையாளர் மில்னர் ஐந்தாண்டு வதிவு போதுமென வற்புறுத்த, குறூகர் படிப்படியாக இறங்கிவந்தும் பேச்சு முறிந்தது. வாக்குரிமை வெறும் பேச்சுக்கு வந்த பொருளேயாகும். ஆட்சியுரிமை யாருக்கு என்பதே உள்ளிருந்த வழக்கு. ஒக்ரோபர் 11 ஆம் நாள் யுத்தம் தொடங்கிற்று.

யுத்த நிகழ்ச்சிகளை விரித்தல் ஈண்டு வேண்டப்படுவதன்று. திசம்பர் மாதத்தில் ஒரே வாரத்துள் சிறோம்பேர்க்கு, மாகர்சுபொன்ரீன், கொலென்சோ ஆகிய மூன்றிடங்களிலும் ஆங்கிலப் படை தோற்றமையும், றோபேட்சும் கிச்சினரும் பெருஞ்சேனையுடன் வந்தமையும், 1900 பெப்ரவரி 27 இல், மயூபாத் தோல்வியின் ஆண்டு நாளிலேயே, தளபதி குறொன்யே ஏறக்குறைய 4,000 பேருடன் சரணடைந்தமையும், யூன் 5 இல் பிரிற்றோறியா வீழ்ந்தமையும் நூல்களிற் காணக்கிடப்பன.

அந்நூல்களிற் சிறிதே பேசப்படும் இருதிறத்தார் உளர். நேற்றால் மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதலாகச் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாய்ப் பெருந்தொகைத் தமிழர் கொண்டுசெல்லப்பட்டிருந்தனர். காந்தியடிகள் அமைத்த இந்திய மருத்துவப் பணிப்படையிற் சேர்ந்த ஏறக்குறைய 1,100 பேருள் பெரும்பாலார் இக் கூலிகளே. காயம்பட்ட போர்வீரரைத் தூக்குகளிலேற்றி ஒருநாளில் இருபது மைலுக்கு மேலுஞ் சுமந்தனர். காந்தியடிகளின் உள்ளம் போயர் பக்கமே சாய்ந்திருந்தது. எனினும் பிரித்தானியப் பிரசையாக உரிமை கேட்பவன் அதற்குரிய கடனையும் ஆற்றல் வேண்டுமெனக் கருதி அப்பணியை மேற்கொண்டார். மற்றையோர் அந்நாட்டுக் கறுப்பு மக்கள். வண்டியோட்டிகளாயும் ஒற்றராயும் இருபக்கத்திலும் அவர்கள் உழைத்தனர். மவெக்கிங் முற்றுகையில் வெள்ளையர்க்கு ஓர் அளவும் அவர்க்குக் குறைந்த அளவுமாய் உணவு பங்கிடப்பட்டமையாற் பலர் பட்டினியால் மாண்டனர். இதற்கு 'வெள்ளையர் யுத்தம்' எனப் பெயரிட்டது எத்துணைப் பொருத்தமோ, வாசகர் ஆராய்வாராக.

தலைநகர் வீழ்ந்தபின்னரே கொடுமை முற்றியது. டி வெற், போத்தா, டி லா றே, சிமற்சு முதலிய தலைவர்கள் குதிரைமேல் மறைந்து திரிந்து தாக்கினர். கிச்சினர் அவர்தம் சோற்றுக்கு வழியடைக்கத் துணிந்தார். ஏறக்குறைய 30,000 பண்ணை வீடுகள் தீக்கிரையாயின. மந்தைகள் கொல்லப்பட்டன. நாடெங்கும் 8,000 சிறு காவலரண்கள் எழுப்பப்பட்டு, முட்கம்பியால் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டன. வீடிழந்த பெண்களும் பிள்ளைகளும் கூடாரங்களில் அடைக்கப்பட்டனர். நல்ல நீரில்லை, பாலில்லை, சின்னமுத்தும் நெருப்புக் காய்ச்சலும் புகுந்தன. அம் முகாம்களில் மாண்ட போயர் ஏறக்குறைய 28,000 பேர். அவர்களுட் பெரும்பகுதியினர் பிள்ளைகள். போர்க்களத்திற் பட்ட போயர் தொகையினும் இது பன்மடங்காம்.

இதனை உலகறியச் செய்தவர் எமிலி ஓப்கௌசு என்னும் ஆங்கில மாது. 1901 இல் முகாம்களை நேரிற் சென்று கண்டு, இலண்டன் திரும்பி அறிக்கை வெளியிட்டார். சொந்த நாட்டார் பலர் அவரைத் துரோகி என ஏசினர். மீண்டும் தென்னாபிரிக்காவிற்குச் சென்றபோது கரையிறங்கவும் விடாது திருப்பியனுப்பப்பட்டார். ஆயினும் அரசாங்கம் பெண்டிர் குழுவொன்றை அனுப்பி விசாரிக்க நேர்ந்தது. அதன்பின் மரணம் குறைந்தது. கறுப்பு மக்களுக்கெனத் தனி முகாம்கள் இருந்தன. அவற்றைக் காண அக்குழு செல்லவில்லை. அங்கே பதிவான மரணங்களே 14,000 க்கு மேற்பட்டன. மெய்த்தொகை 20,000 க்குக் குறையாதென ஆராய்ச்சியாளர் கூறுவர்.

பிடிபட்ட போயர் வீரர் தப்பியோடி மீண்டும் போர் புரியாவண்ணம், 24,000 பேருக்கு மேல் கடல்கடந்து செந் எலேனா, பேர்மியூடா, இந்தியா, இலங்கை ஆகிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். இலங்கைக்கு முதற் பகுதியினர் 1900 ஓகத்து மாதம் வந்து, கொழும்பிலிருந்து புகையிரத மார்க்கமாய்த் தியத்தலாவைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மொத்தத்தில் ஏறக்குறைய 5,000 பேர் இங்கு வந்தனர். மீசை அரும்பாத சிறுவரும், பேரப்பிள்ளைகளைக் கண்ட முதியோரும், ஒலிவியர், றூ என்னுந் தளபதிகளும் அவர்களுள் இருந்தனர். ஊவாவின் குளிர்ந்த புல்வெளிகள் சிலர்க்குத் தம் நாட்டை நினைவூட்டியிருத்தல் கூடும். மரத்திலும் கொம்பிலும் சிறு கைப்பொருள்கள் செய்து விற்றனர், பாடசாலை நடத்தினர், 'முட்கம்பி' எனப் பொருள்படும் பெயருடைய பத்திரிகையொன்றையும் வெளியிட்டனர். அங்கும் நெருப்புக் காய்ச்சல் பரவிற்று. இறந்தோர் அவ்வூரிலேயே அடக்கப்பட்டனர். றாகமை, கல்கிசை, அம்பாந்தோட்டை முதலாய இடங்களிலும் சிறு முகாம்கள் இருந்தன.

1901 சனவரியில், கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கப்பலிலிருந்து ஐவர் இரவிற் கடலிற் குதித்து, அருகே நின்ற இரசியக் கப்பலுக்கு நீந்திச் சேர்ந்தனர். வில்லி சிறெயின் என்பார் அவருள் ஒருவர். இரசிய தேசஞ் சென்று, ஐரோப்பாவைக் கடந்து, செருமானியர் ஆண்ட தென்மேற்கு ஆபிரிக்கா வழியாக மீண்டும் போர்க்களத்தை அடைந்தனர். வேறொருவர் திரும்பவேயில்லை. எங்கெல்பிறெக்ற் என்னும் போயர், ஆங்கில மன்னருக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்ய மறுத்தமையால் ஊர் செல்ல அநுமதி பெறாராய் அம்பாந்தோட்டையில் தங்கினார். பின்பு யால வனவிலங்குச் சரணாலயத்தின் முதற் காவலதிகாரியானார். முதலாம் உலக யுத்தத்தில், 'எம்டன்' என்னும் செருமானியக் கப்பலுக்கு இறைச்சி வழங்கினார் என்ற ஐயத்தின்பேரிற் சிறைப்பட்டார். 1928 இல் இந்நாட்டிலேயே உயிர்நீத்தார்.

1902 மே 31 ஆம் நாள் சமாதானம் கைச்சாத்தாயிற்று. பண்ணைகளைத் திரும்பக் கட்டுவதற்கு ஆங்கிலேயர் 30 இலட்சம் பவுண் கொடுக்க இசைந்தனர். உடன்படிக்கையின் எட்டாம் பிரிவு சிறியது. ஆயினும் அதைப் போல நெடுங்காலம் வேலை செய்த பிரிவு வேறில்லை. சுதேசிகளுக்கு வாக்குரிமை அளிப்பது பற்றிய வினா, அவ்விரு நாடுகளும் தன்னாட்சி பெற்ற பின்னரே தீர்மானிக்கப்படும் என்பது அதன் கருத்து. யாரிடம் தன்னாட்சி கொடுக்கப்படும் என்பதை இருசாராரும் அறிவர். யுத்தத்தின்போது கறுப்பு மக்களுக்கு நீதி வழங்குவதாகப் பேசிய ஆங்கில அமைச்சர்கள், பகைவனோடு கைகுலுக்குதற்கு அம் மக்களின் உரிமையையே விலையாக வைத்தனர்.

1910 இல் தென்னாபிரிக்க ஐக்கியம் உருவாகி, போர்த்தளபதி போத்தாவே முதற் பிரதமரானார். 1913 திசம்பரில், முகாம்களில் இறந்த போயர் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் புளூம்பொன்ரீனில் நினைவுத்தூண் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட நிலச்சட்டம், பெருந்தொகையினராகிய கறுப்பு மக்களுக்கு நாட்டு நிலத்தில் நூற்றுக்கு ஏழு பங்களவே ஒதுக்கிற்று. எட்டாம் பிரிவு ஒத்திவைத்த வாக்குச்சீட்டு அவர் கைக்கு வந்தது 1994 ஏப்பிரலில். கைச்சாத்திட்ட நாளிலிருந்து ஏறக்குறைய 92 ஆண்டுகளின் பின்னர்.