டயர் உரசினால் முதலில் அளவெடுங்கள்

காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, அகலமான டயர் போட்டு ஓட்டுவதில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்போது ஒரு மோகம். பழைய கார் வாங்கும்போது, முந்தைய உரிமையாளர் இந்த வேலையைச் செய்து வைத்திருப்பதும் உண்டு. நாக்பூர் வீதிகளில் தனியாக ஓட்டிப் போகும்போது ஒன்றும் தெரியாது. மே மாத விடுமுறைக்கு ஐந்து பேரும் ஏறி, பெட்டிகளையும் ஆரஞ்சு பர்பி டப்பாக்களையும் பின்னால் அடுக்கிக்கொண்டு, 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சேலம், மதுரை என்று கிளம்பும்போதுதான் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்சக்கரத்துக்கு மேலே 'பர்ர்' என்று கேட்கும். அது டயர் தகட்டில் உரசும் சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போவது சரியல்ல.

பலரும் உடனே சொல்லும் காரணம், "வண்டி தாழ்ந்துவிட்டது, அதனால் உரசுகிறது" என்பது. இது பாதி உண்மைதான். சக்கரம் மேலே ஏறும்போது ஒரு கட்டத்தில் அதைத் தடுத்து நிறுத்த ரப்பர் கட்டை ஒன்று உண்டு. மெக்கானிக்குகள் இதைப் பம்ப் ஸ்டாப் என்பார்கள். பெரும்பாலும் ஷாக் அப்சார்பரின் தண்டிலேயே கோத்திருக்கும். அந்தக் கட்டை நசுங்கி நிற்கும் உயரத்திலும் கம்பெனி டயர் எங்கும் படக்கூடாது என்று கணக்குப் போட்டுத்தான் காரைச் செய்திருக்கிறார்கள். காரைத் தாழ்த்துவதால் சக்கரம் அந்த உயரத்துக்கு அடிக்கடி போகுமே தவிர, அதைத் தாண்டிப் போகாது. ஆகவே தாழ்த்திய காரில் டயர் உரசுகிறது என்றால், தாழ்த்தியதோடு இன்னொரு கோளாறும் சேர்ந்திருக்கிறது. ஒன்று, டயரோ ரிம்மோ கம்பெனி அளவில் இல்லை. அல்லது ரப்பர் கட்டை தேய்ந்தோ, வெட்டப்பட்டோ இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது. எது என்று கண்டுபிடிக்காமல் சுத்தியலை எடுக்கக் கூடாது.

கண்டுபிடிக்க ஒரு சாக்பீஸ் போதும். நான்கு டயர்களின் தோள்பட்டையிலும் உள்பக்கச் சுவரிலும் பட்டையாகக் கோடு போடுங்கள். வழக்கமாகப் போகும் அத்தனை பேரையும் ஏற்றி, வேகத்தடைகள் உள்ள தெருவில் மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுவதும் ஒடித்துப் பாருங்கள். பிறகு இறங்கி, கோடு எங்கே அழிந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

வெளித் தோள்பட்டையில் அழிந்திருந்தால், சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உள்மடிப்பில் படுகிறது. முழுவதும் ஒடிக்கும்போது மட்டும் அழிந்தால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பில் படுகிறது. கிளிப் கழன்று மறைப்பு தொங்கினாலே இப்படி ஆகும், பத்து நிமிட வேலை. உள்பக்கச் சுவரில் அழிந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அங்கே டயர் ஷாக் அப்சார்பரிலோ ஸ்பிரிங் தட்டிலோ உரசுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, சத்தமும் குறைவு. டயரின் பக்கச் சுவர் மெல்லியது. அங்கே நூல் அறுந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் ஒட்ட முடியாது. நெடுஞ்சாலை வேகத்தில் அது வெடித்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அடுத்தது கணக்கு. நம் சங்கத்து இளைஞர் ஒருவர் வைத்திருக்கும் பழைய ஸ்விஃப்ட்டையே எடுத்துக்கொள்வோம். அதற்குக் கம்பெனி கொடுத்த டயர் 165/80 ஆர் 14. முதல் எண் டயரின் அகலம், மி.மீ. கணக்கில். இரண்டாவது, அந்த அகலத்தில் பக்கச் சுவர் எத்தனை சதவீத உயரம் என்பது. மூன்றாவது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 165-இல் 80 சதவீதம் 132. அதை இரட்டித்து, 14 அங்குலமான 355.6 மி.மீ.யைக் கூட்டினால் டயரின் முழு விட்டம் 619.6 மி.மீ. அவர் மாட்டியிருந்ததோ 205/55 ஆர் 16. அதன் விட்டம் 631.9. ஆரத்தில் 6 மி.மீ. கூடுதல், அது பெரிதில்லை. (ஸ்பீடாமீட்டர் இரண்டு சதவீதம் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான்.) அகலத்தில்தான் வினை. 40 மி.மீ. கூடுதல் என்றால் பக்கத்துக்கு 20. போதாததற்கு, புது ரிம்மின் ஆஃப்செட் 10 மி.மீ. குறைவு. ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரமே ஆஃப்செட். அந்த எண் எவ்வளவு குறைகிறதோ, சக்கரம் அவ்வளவு வெளியே தள்ளி நிற்கும். ஆக வெளிப்பக்கம் 30 மி.மீ. நீட்டம், உள்பக்கம் 10 மி.மீ. நெருக்கம். கடைக்காரர் இதை அவருக்குச் சொல்லவே இல்லை. பளபளப்பைத்தான் காட்டியிருக்கிறார்.

அந்த வண்டியில் இன்னொன்றும் செய்திருந்தார்கள், ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுத்திருந்தார்கள். இங்கே ரயில்வேக்காரனாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பயணிகள் பெட்டிகளின் பஃபர், தண்டவாளத்திலிருந்து காலியாக இருக்கும்போது அதிகபட்சம் 1105 மி.மீ., பாரத்தோடு குறைந்தபட்சம் 1030 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். சக்கரம் தேய்ந்தும், லேத்தில் கடைந்தும் விட்டம் குறையக் குறையப் பெட்டி இறங்கும். அப்போது ஸ்பிரிங்கின் அடியில் தகுந்த கனத்தில் பேக்கிங் வளையம் கொடுத்து உயரத்தைத் திரும்பக் கொண்டுவருவோம். ஸ்பிரிங்கின் மேல் யாரும் வாள் வைப்பதில்லை.

ஏன் வைக்கக் கூடாது? ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால், மீதி ஐந்து சுற்றின் விறைப்பு 20 சதவீதம் கூடும். "விறைப்பு கூடினால் நல்லதுதானே, கீழே அமுங்காதே" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். முன்பு ரப்பர் கட்டைவரை 80 மி.மீ. இடம் இருந்து, இப்போது 40 மி.மீ. ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 40-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 48. அதாவது முன்பு கட்டையில் இடிக்கத் தேவைப்பட்ட பாரத்தில் 60 சதவீதமே இப்போது போதும். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தாலே பாதி தூரம் போய்விடும். வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது என்பது தனி. ஜாக்கி வைத்துத் தூக்கும்போது ஸ்பிரிங் இடம் மாறிக்கொள்ளலாம்.

சரிசெய்வதை எங்கே தொடங்குவது? ரப்பர் கட்டைகளையும் ஷாக் அப்சார்பர்களையும் முதலில் பாருங்கள். கட்டை பொடிந்திருந்தால் புதிது போடுங்கள், செலவு அதிகமில்லை. பிறகு டயரும் ரிம்மும். அதே மாடலின் உயர்ந்த ரகத்துக்குக் கம்பெனியே கொடுத்த அளவுக்குள் இருப்பது உத்தமம். அந்த ஸ்விஃப்ட்டின் உயர் ரகத்துக்கு 185/65 ஆர் 15 உண்டு. விட்டம் 621.5, அதாவது பழையதற்குச் சமம் என்றே சொல்லலாம். பார்வைக்கும் நன்றாக இருக்கும். வெட்டிய ஸ்பிரிங் என்றால் ஜோடியாகக் கழற்றி எறிந்துவிட்டுக் கம்பெனி ஸ்பிரிங் போடுவதே வழி.

வளைவின் உள்மடிப்பை உருளை வைத்து மேல்நோக்கி மடக்கிவிடுகிறார்கள். பெயிண்டைச் சூடாக்கி நிதானமாகச் செய்தால் சில மி.மீ. இடம் கிடைக்கும், அவசரப்பட்டால் பெயிண்ட் வெடித்து அடுத்த மழைக்குத் துரு பிடிக்கும். உள்பக்கம் உரசுகிறதே என்று ஸ்பேசர் தகடு போடுகிறவர்கள், அதே அளவு வெளிப்பக்கம் குறைகிறது என்பதையும், நட்டு பிடிக்கும் மரை குறைகிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் வளையம் செருகுவதை நான் சிபாரிசு செய்வதில்லை. காற்றைக் கூட்டி அடிப்பதால் ஒரு பயனும் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, கம்பெனி நிர்ணயித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அந்த இளைஞர் கடைசியில் 15 அங்குல ரிம்முக்கும் புது ஸ்பிரிங்குக்கும் மாறினார். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் மாறும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதே, வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, பெட்டிகளையும் வைத்து, சாக்பீஸ் சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள். அப்போது கோடு அழிந்தால் சரிசெய்ய அவகாசம் இருக்கும்.