வியோலாவுக்கும் ஒரு மெட்டு

அன்புள்ள பிள்ளைக்கு,

போன கிழமை உம்முடைய பள்ளிக்கூட மண்டபத்தில் ஓர்கெஸ்ட்ரா உம்முடைய இசையை வாசித்தபோது நான் கடைசி வரிசையில் இருந்தேன். முடிந்து ஹோம்புஷ் ஸ்டேஷனுக்கு நடந்து வரும்போது, "மாமா, இது வெறும் லைட் மியூசிக்காம். சிம்பொனி எழுதப் பழகட்டாம். நான் என்ன செய்ய?" என்று கேட்டீர். றெயில் வந்துவிட்டது. நானும் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு ஏறிவிட்டேன். அன்று சொல்லியிருக்கவேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல். ஆங்கிலத்தில் லைட் என்றால் பாரமில்லாதது. எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் மெல்லிசை. மென்மைக்கும் பாரமின்மைக்கும் கனக்க வித்தியாசம் இருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இலங்கை வானொலியில் மெல்லிசைக்கென்றே நேரம் ஒதுக்கினார்கள். எம். கே. றொக்சாமி போன்றவர்கள் ஒரு பக்கம் சிங்களப் படங்களுக்கும் மறுபக்கம் வானொலிக்கும் மெட்டுப் போட்டார்கள். மூன்று நிமிடத்துக்குள் ஒரு மனநிலையைத் தொடங்கி முடிக்கிற வித்தை அது. அதைக் குறைவாகப் பேசுகிறவர்கள் ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பார்க்கட்டும்.

இனி ஒரு வெள்ளைக்காரரின் கதை. மல்கம் ஆர்னல்ட், 1921இல் நோர்தாம்ப்டனில் பிறந்தவர். லூயி ஆம்ஸ்ட்ரோங்கைக் கேட்டு மயங்கி ட்ரம்பெட் பழகியவர். லண்டன் பில்ஹார்மோனிக்கில் முதல் ட்ரம்பெட் வாசித்தார். நூற்றுக்கு மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தார், ஒன்பது சிம்பொனியும் எழுதினார். அவருடைய 'இங்கிலிஷ் டான்ஸஸ்' 1950இலும் 1951இலும் இரண்டு தொகுதியாக வந்தது. எட்டுச் சின்ன நடனங்கள். கேட்டால் ஏதோ பழைய கிராமத்து மெட்டுகள் என்றுதான் நினைப்பீர். ஒன்றுகூட நாட்டார் மெட்டு அல்ல, எட்டும் அவருடைய சொந்தக் கற்பனை. நீர் எங்கள் தாலாட்டு ஒன்றை அப்படியே எடுத்து வயலின்களுக்குக் கொடுத்திருந்தீர். வடிவாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்தமுறை தாலாட்டை எடுக்கவேண்டாம். அம்மம்மா பாடியிருக்கக்கூடிய, ஆனால் பாடாத ஒரு தாலாட்டை நீரே உண்டாக்கிப் பாரும். ஒரு மெட்டு ஏன் எங்களுடையதாகக் கேட்கிறது, எந்தச் சுரத்தில் தங்கினால், எதைத் தொட்டுவிட்டு இறங்கினால் ஊர் வாசம் வருகிறது என்பதெல்லாம் அப்போதுதான் உமக்குப் பிடிபடும்.

இன்னொன்று, இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். உம்முடைய ஸ்கோரை வீட்டில் விரித்துப் பார்த்தேன். முதல் வயலின் பக்கம் முழுக்கக் கொடியும் பூவுமாக இருக்கிறது. வியோலாப் பக்கத்தில் முப்பத்திரண்டு பாருக்கு ஒரே சுரம், முழு நோட்டாக, முட்டை முட்டையாக. வியோலா வாசித்த இரண்டு பிள்ளைகளையும் அன்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி வில்லை இழுத்தபடியே சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

எனக்கு அந்தப் பார்வை தெரியும். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட பாண்டில் நான் இரண்டாம் கிளாரினெட். விளையாட்டுப் போட்டிக்கு 'கேணல் போகி' வாசிப்போம். மெட்டு முதல் கிளாரினெட்காரருக்கு. எனக்கு "ம்பா, ம்பா" மட்டும். பிறகு ஒருநாள் ரீகல் தியேட்டரில் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' பார்த்தேன். 1957இல் வந்த படம், எங்கள் நாட்டிலேயே, கித்துல்கலவில் எடுத்தது. சிறைப்பட்ட பட்டாளத்தினர் கிழிந்த சப்பாத்துகளோடு முகாமுக்குள் விசிலடித்துக்கொண்டு வருகிறார்கள். விசிலடிப்பது அதே கேணல் போகி, 1914இல் ரிக்கெட்ஸ் என்கிற பாண்ட் மாஸ்டர் கென்னத் ஆல்ஃபோர்ட் என்ற புனைபெயரில் எழுதினது. பட்டாளத்தார் அதற்குக் கட்டியிருந்த சொற்கள் திரையில் பாடக்கூடியவை அல்ல, அதனால்தான் விசில். அந்த விசிலின் மேல், அதைத் துளியும் மாற்றாமல், ஆர்னல்ட் தன்னுடைய இன்னொரு மார்ச்சை ஏற்றுகிறார். இரண்டும் தனித்தனியே நடக்கக்கூடிய முழு மெட்டுகள். ஒன்றாகப் போனாலும் ஒன்றை ஒன்று இடிக்கவில்லை. படத்தின் முழு இசைக்கும் அவருக்குக் கிடைத்தது பத்து நாள். ஒஸ்காரும் கிடைத்தது.

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. இரண்டாவதாக வருகிறது முட்டுக்கொடுக்கிற தடியாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, அதுவும் ஒரு பாட்டாக இருக்கலாம். எங்கள் சங்கீதத்தில் மெட்டுக்குக் குறைவில்லை. ஒரே வரியில் அத்தனை நுணுக்கமும் வைத்துப் பழகினவர்கள் நாங்கள். அதனால் ஓர்கெஸ்ட்ராவுக்கு எழுத வரும்போதும் மெட்டை மேலே வைத்துவிட்டு மற்றவர்கள் எல்லோரையும் சுருதிப்பெட்டி ஆக்கிவிடுகிறோம். நீர் செய்ததும் அதுதான். வியோலாவின் வரியைத் தனியாக வாயால் பாடிப் பாரும். பாட விருப்பம் வராவிட்டால் அழித்துவிட்டுத் திரும்ப எழுதும். மேல் மெட்டு கார்வையில் நிற்கிற இடத்தில் கீழ் வரி நடக்கட்டும், மேலே பிருகா ஓடும்போது கீழே பேசாமல் நிற்கட்டும். கச்சேரியில் வயலின்காரர் பாடகருக்கு இடம்விட்டு வாசிப்பதைப் பார்த்து வளர்ந்தவர் நீர். இது உமக்குப் புதிது அல்ல.

இளையராஜாவைக் கேட்கும்போதும் பாடுகிற குரலை விட்டுவிட்டு பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து போய்ப் பாரும். 1993இல் லண்டனில் ரோயல் பில்ஹார்மோனிக் அவருடைய சிம்பொனியை வாசித்தபோது நடத்திக்கொடுத்த ஜோன் ஸ்கொட்டும் படங்களுக்கு இசையமைத்தவர்தான். 2025 மார்ச்சில் லண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி வாசிக்கப்பட்ட செய்தியை நீர்தான் முதலில் எனக்கு அனுப்பினீர். படத்துக்கு எழுதுகிற கையும் சிம்பொனிக்கு எழுதுகிற கையும் ஒன்றுதான், பிள்ளை. ஆர்னல்டின் நாலாவது சிம்பொனி 1960இல் வந்தது. 1958இல் நொட்டிங் ஹில்லில் கறுப்பின மக்களைத் தாக்கிய கலவரத்தை மனதில் வைத்து, கரீபியன் தாளக்கருவிகளை ஓர்கெஸ்ட்ராவுக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தார். மெல்லிசைக்காரர் என்று அவரைத் தள்ளிவைத்தவர்களும் இருந்தார்கள். அவர் மெட்டை விடவில்லை.

குவாய் படத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். தியேட்டரால் வீட்டுக்கு அந்த மெட்டை விசிலடித்துக்கொண்டே வந்தேன். என்னுடைய அம்மப்பா மலாயா றெயில்வேயில் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்து வந்தவர், திண்ணையில் பாக்குச் சீவிக்கொண்டிருந்தார். என்ன படம் என்று கேட்டார். சயாமில் ஜப்பான்காரன் போட்ட றெயில் பாதையின் கதை என்று சொன்னேன். "அதில எங்கட சனம் வருதோ?" என்றார். இல்லை, வெள்ளைக்காரர்தான் என்றேன். பாக்குவெட்டியை மடியில் வைத்துவிட்டு நெடுநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பாதை போட றப்பர் தோட்டத்துத் தமிழர்களைப் பெட்டி பெட்டியாக ஏற்றி அனுப்பியதை ஸ்டேஷனில் நின்று கண்டவர் அவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

415 கிலோமீற்றர் பாதை, 1942இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடித்தார்கள். இந்த அவுஸ்திரேலியாவிலிருந்து போய்ச் சிறைப்பட்ட பட்டாளத்தினர் ஏறத்தாழ 13,000 பேர் அதில் வேலை செய்தார்கள், 2,700க்கு மேல் திரும்பவில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் அன்சாக் நாளையொட்டி உம்முடைய பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கும் சேர்த்துத்தான் பியூகிள் ஊதுகிறார்கள். ஊதத்தான் வேண்டும். ஆசியத் தொழிலாளரில், தமிழர், பர்மியர், மலாயர், ஜாவாக்காரர் என்று, 90,000 பேர்வரை செத்ததாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களுக்கு யாரும் மெட்டுப் போட்டதை நான் இந்த வயதுவரை மேடையில் கேட்கவில்லை.

அடுத்த வருடம் பள்ளிக்கூடத்துக்கு இன்னொன்று எழுதப் போகிறேன் என்றீர். சிம்பொனி என்று பேர் வைக்கவேண்டாம், ஐந்து நிமிடம் போதும். உம்மிடம் இருப்பது இருபத்தைந்து பேர், அதில் ஒரே ஒரு ஹோர்ன், மேல் சுரத்தில் தடுக்குகிறது. லண்டன் ஓர்கெஸ்ட்ராவை நினைத்து எழுதாமல் அந்த ஹோர்ன் பிள்ளைக்கு எது வரும் என்று கேட்டு எழுதும். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு மார்ச் மேலே போகட்டும். அதற்குக் கீழே, அதை இடிக்காமல், வியோலாவில் நீர் உண்டாக்கின தாலாட்டு நடக்கட்டும். பிறகு எந்த இடத்தில் மார்ச் நின்று, தாலாட்டு மட்டும் தனியே கேட்கவேண்டும் என்பது உம்முடைய காதுக்குத் தெரியும்.

ஞாயிறு பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன். முழு ஸ்கோரும் வேண்டாம், வியோலாப் பக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு வாரும். கிளாரினெட்டுக்குப் புது ரீட் வாங்கி வைத்திருக்கிறேன், வாசித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
மாமா
ஹோம்புஷ்