விமானக் கொட்டகைக்கு எந்தக் கதவு?

விமானம் பறக்கும் விந்தையைப் பற்றி நாம் நிறையப் படிக்கிறோம். அது தங்கும் கொட்டகையைப் பற்றி நினைப்பதில்லை. ஹாங்கர் எனப்படும் அக்கொட்டகையில் கடினமான பகுதி கூரையுமன்று, சுவருமன்று, கதவே ஆகும். ஒரு பக்கச் சுவர் ஏறக்குறைய முழுவதுமே கதவாக வேண்டும். திறந்தால் முற்றும் வழிவிட வேண்டும். மூடினால் சுவரைப்போல் காற்றைத் தாங்க வேண்டும்.

இதில் எனக்கொரு தனி அக்கறை உண்டு. என் தந்தையார் பிழைப்பை நாடி வடக்கே வந்து, ஒரு விமானப் பயிற்சிக் கழகத்தில் உதவியாளராக இருந்தவர். ஒரு மாலை புழுதிக்காற்று கிளம்பியபோது, தண்டவாளத்தில் சரளைக்கல் சிக்கிக் கதவு பாதியில் நின்றுவிட்டது. கல்லைக் கையால் எடுக்க முயன்றவர் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். “கதவைச் செய்தவன் ஒருநாளாவது அதைத் தள்ளிப் பார்த்திருக்க வேண்டும்” என்று இன்றும் கூறுவார்.

கதவைத் தேர்ந்தெடுக்குமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, எந்த விமானம் என்பது. செஸ்னா 172 என்னும் சிறு விமானத்தின் இறக்கை அகலம் 11 மீட்டர். வால் உயரம் ஏறத்தாழ 2.7 மீட்டர். இருபுறமும் மேலும் இடம்விட்டு 14 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் உள்ள வாயிலைக் கொள்வோம். ஏர்பஸ் 320-க்கோ இறக்கை 35.8 மீட்டர் வரை நீளும்; வால் 12 மீட்டரை நெருங்கும். அங்கே வேறு கதவே வேண்டும்.

இரண்டாவது கேள்வி காற்று. காற்றின் வேகத்தை, விநாடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால், சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று அழுத்தம் கிடைக்கும். இந்தியத் தர நியமம் 875-இன் மூன்றாம் பகுதி, பெங்களூருக்கு 33 மீட்டரையும் சென்னைக்கு 50 மீட்டரையும் அடிப்படை வேகமாகக் குறிக்கிறது. நமது கதவின் பரப்பு 56 சதுர மீட்டர். திருத்தக் காரணிகளைச் சேர்க்காமலே, பெங்களூரில் அதன்மீது சுமார் 3.7 டன் எடைக்குச் சமமான விசை விழும், சென்னையில் 8.6 டன். வேகம் ஒன்றரை மடங்கு, விசையோ இரண்டே கால் மடங்குக்கும் மேல்! ஆகவே ஓர் ஊரில் நன்றாக உழைத்த கதவை மற்றோர் ஊருக்கு அப்படியே வாங்குதல் தவறு.

கதவு பாதியில் நின்றால் தீங்கு இன்னும் பெரிது. உட்புகுந்த காற்று கூரையை உள்ளிருந்து தள்ளும். மேலே ஓடும் காற்று வெளியிலிருந்து இழுக்கும். இரண்டும் சேர்ந்து கூரையையே பெயர்த்துவிடக்கூடும்.

இனி வகைகளைக் காண்போம்.

தண்டவாளத்தில் உருளும் கதவின் எடையைத் தரையே சுமக்கிறது. எனவே பெரிய வாயில்களுக்கும் ஏற்றது. 1929-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் கட்டப்பட்ட வான்கப்பல் கொட்டகையின் மாபெரும் கதவுகளும் தண்டவாளத்தில் உருள்பவையே. மின்சாரம் நின்றாலும் தள்ளியோ டிராக்டரால் இழுத்தோ திறக்கலாம். ஆனால் திறந்த பலகைகள் ஒதுங்க இடம் வேண்டும். ஆறு பலகைகள் ஆறு தடங்களில் ஒரு பக்கமே ஒதுங்கினால், அகலத்தில் ஆறில் ஐந்து பங்குதான் திறக்கும். தண்டவாளத்தில் மண்ணும் நீரும் தேங்காதபடி வடிகாலும் அன்றாடத் துப்புரவும் இன்றியமையாதவை.

நடுவில் மடிந்து மேலேறும் கதவுக்குத் தரையில் தடம் தேவையில்லை. பக்கத்தில் இடமும் வேண்டாம். ஆனால் மடிந்த கதவு வாயிலின் மேற்புறத்தில் தொங்குவதால் உயரம் குறையும். எடை முழுவதும் மேல் உத்தரத்தின்மேல் விழும்.

ஒரே பலகையாக ஹைட்ராலிக் விசையால் வெளிப்புறம் உயரும் கதவு, உயரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் முன்னே வெற்றிடம் வேண்டும். பாதி திறந்த நிலையில் காற்றடித்தால் அது பாய்மரமாகிவிடும்.

உறுதியான துணியை மேலே மடித்துத் தூக்கும் கதவு எடை குறைந்தது. மிகப் பெரிய விமானங்களுக்கும் உதவும். துணியையும் மோட்டார்களையும் பேணும் செலவை மறக்கலாகாது.

மூன்றாவது கேள்வியே எல்லாவற்றிலும் முக்கியமானது: மின்சாரமில்லாத இரவில் தீப்பற்றினால், இருக்கும் ஆட்கள் எத்தனை நிமிடத்தில் திறப்பர்? கைப்பம்போ கைச்சுழற்றியோ இல்லாத கதவை, எவ்வளவு அழகாயினும், ஏற்கலாகாது. இயங்கும் கதவை உடனே நிறுத்தும் பொத்தானும் வேண்டும்.

விமானம், காற்று, ஆள் என்ற வரிசையில் ஆராய்ந்த பின்னரே விலையைக் கேட்க வேண்டும். சிறு கழகத்திற்கு நான் சொல்வது உருளும் கதவையே. ஆனால் சக்கரத்தின் முன்னே கல்லை ஒதுக்கித் தள்ளும் இரும்புத் தகடும், தண்டவாளத்தைத் துப்புரவு செய்ய நீண்ட பிடியுள்ள கருவியும் அதனோடு சேர்ந்தே வாங்கப்பட வேண்டும். அவற்றின் விலை சொற்பம். என் தந்தையாரின் விரல்களுக்கு அவையே போதுமானவையாக இருந்திருக்கும்.